எஞ்சின் ஏன் தாளம் தப்புகிறது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

முன்னுரை

உடலுக்கு வரும் நோயைப் பற்றிப் பேசும்போது, நோய் இன்னதென்று முதலில் அறிய வேண்டும், அது எதனால் வந்தது என்று அடுத்து அறிய வேண்டும், அதன் பிறகே அதைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வரிசையை வகுத்துத் தந்தார். இந்த வரிசை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. பட்டறைக்கு வரும் மோட்டார் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் நடைமுறையில் நாம் மூன்றாவது படியிலிருந்தே தொடங்குகிறோம். 'பிளக்கை மாற்று, கார்புரேட்டரைக் கழற்று' என்று கை முந்திக்கொள்கிறது, மூளை பின்தங்கிவிடுகிறது. அதனால் வரும் நட்டத்தை எங்கள் வீட்டில் நேரில் கண்டதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

எங்கள் வீட்டில் 1986-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்று உண்டு. எங்கள் ஊருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் பேருந்து இல்லை. ஆகையால் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் அப்பாவைத்தான் வந்து எழுப்புவார்கள். 2024 சனவரியில் ஒரு நள்ளிரவு, பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு பதினாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் எஞ்சின் திணறத் தொடங்கியது. வண்டி முன்னும் பின்னுமாக உலுக்கியது. ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். தாயும் சேயும் நலம். ஆனால் அன்றிரவு அப்பாவின் முகத்தில் கண்ட அச்சத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் வண்டி பட்டறைக்குப் போயிற்று. நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன, திணறல் நிற்கவில்லை. அடுத்த வாரம் கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்பட்டது, அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் முறை, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும், முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணம் வீட்டில் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் மறுபடி வருவதற்குள், வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டு ஏதேனும் செய்ய இயலுமா என்று பார்க்க விரும்பினேன். அவ்வாறு கற்றதை முறைப்படுத்திக் கீழே தருகிறேன்.

மிஸ்ஸிங் என்பது யாது?

அம்பாசடர் கார் இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழி வந்தது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. பல ஆண்டுகள் இதில் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வீச்சுகளும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றுவதற்குள் நிறைவுறும். ஆகவே அந்த இரண்டு சுற்றுக்குள் நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் ஒவ்வொரு முறை வெடிக்கின்றன.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1500 முறை எரிகிறது; நான்குக்கும் சேர்த்து 6000; அதாவது நொடிக்கு 100 தீப்பொறி. மிருதங்கத்தின் சொற்கட்டில் ஓர் எழுத்து விடுபட்டால் கேட்பவர் காதில் அது உறுத்துவதுபோல, இந்த நூறில் சில விடுபட்டாலும் வண்டி உலுக்குகிறது. இதனையே நம் ஊர்களில் 'மிஸ்ஸிங்' என்கிறோம்.

இது வெறும் அசௌகரியம் மட்டுமன்று. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். மிஞ்சியது சைலன்சருக்குள் சென்று பட்டாசுபோல் வெடிக்கும். சிறு குறையை நெடுநாள் விட்டுவைத்தால், இல்லாத ரீபோர் வேலையும் உண்மையிலேயே வந்து சேரும்.

சிலிண்டரில் கலவை எரிவதற்கு மூன்று வேண்டும். தக்க நேரத்தில் வலிய தீப்பொறி, தக்க விகிதத்தில் பெட்ரோலும் காற்றும், கசியாத அழுத்தம். எவ்வகை மிஸ்ஸிங் ஆயினும் இம்மூன்றில் ஒன்றன் குறையே ஆகும். எது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

தீப்பொறி பிறக்கும் விதம்

பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கு அடிப்படை. இக்னிஷன் காயிலில் சில நூறு சுற்றுள்ள தடித்த கம்பியும், பல ஆயிரம் சுற்றுள்ள மெல்லிய கம்பியும் ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்டுள்ளன. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம், முதற்சுற்றின் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள காண்டாக்ட் பாயிண்டைக் கடந்து செல்கிறது. பாயிண்ட் திறந்தவுடன் மின்னோட்டம் அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது, அந்தக் கணத்தில் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் தூண்டப்படுகிறது. ரோட்டார் அதனை வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் வழியே உரிய பிளக்குக்கு அனுப்புகிறது.

பாயிண்டுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவில் ஒரு கண்டன்சர் இருக்கும். அதன் மின்தேக்குத் திறன் ஏறக்குறைய 0.2 மைக்ரோ ஃபாரட்தான். ஆனால் அது இல்லாவிடில் பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் இடைவெளியில் வில்லாகப் பாயும். காந்தப்புலம் மெதுவாகச் சரியும். தூண்டல் மின்னழுத்தம் தாழும். ஆய்வகத்தில் நாம் எழுதிய சமன்பாட்டில் காலம் பகுதியில் நிற்பதை நினைவு கொள்க. மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவு வோல்ட்.

முதலில் ஓட்டியைக் கேளுங்கள்

மருத்துவர் நாடி பார்க்கும்முன் 'எப்போது வலிக்கிறது?' என்று கேட்பார். இங்கும் அதுவே முதற்படி. மிஸ்ஸிங் தோன்றும் வேளை, காரணத்தைப் பெரும்பாலும் சுட்டிக்காட்டிவிடும்.

1. சீரான இடைவெளியில் 'டப், டப்' என்று விடுபட்டால் குறை ஒரே சிலிண்டரில் உள்ளது. ஒழுங்கின்றி விடுபட்டால், நான்குக்கும் பொதுவான காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், பெட்ரோல் வரத்து ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

2. மேடேறும்போது மட்டும் திணறினால் தீப்பொறி வலுவற்றது எனலாம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டரில் கலவை நிறைகிறது; அழுத்தம் மிகுந்த அக்கலவையின் ஊடே பொறி பாய மிகுதியான வோல்ட் தேவைப்படுகிறது. நெடுநேரம் வேகமாகச் சென்றபின் திணறல் வந்தால் பெட்ரோல் பம்பும் வடிகட்டியும் ஐயத்துக்குரியவை.

3. நன்கு சூடேறிய பின்னரே தோன்றினால் காயிலையும் கண்டன்சரையும் பார்க்க வேண்டும்.

4. மழை நாளில் மட்டும் தோன்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் மின்கசிவு இருக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலநிறப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

5. நின்றபடி ஓடும்போது மட்டும் தடுமாறினால் காற்றுக்கசிவு, ஐடிலிங் ஜெட் அடைப்பு, வால்வு இடைவெளி ஆகியவற்றை நோக்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர்?

சோதனைக்கு முன் சில எச்சரிக்கைகள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துக. அடைத்த கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிடுக, விசிறி இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் வாடை வந்தால் சோதனையை நிறுத்துக. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சினின் பிளக் வயர்களுக்கு அருகில் வரலாகாது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கைப்பிடியில் நல்ல காப்புள்ள குறட்டால் ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனையை உடனே எஞ்சினின் இரும்புப் பகுதியில் தொட்டு வைக்க வேண்டும். முனையை அந்தரத்தில் விட்டால் மின்னழுத்தம் போக்கிடமின்றி காயிலையும் மூடியையும் துளைக்கக்கூடும். நல்ல சிலிண்டராயின் எஞ்சினின் வேகம் சட்டெனக் குறையும். வேகம் சிறிதும் குறையாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்பது தெளிவு. இவ்வாறு நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

குறையுள்ளது மூன்றாம் சிலிண்டர் எனக் கொள்வோம். அதன் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றுக. குறையும் உடன் சென்றால் பிளக்தான் குற்றவாளி. செல்லாவிடில் பிளக்கை மறுபடி அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது இச்சோதனையின் உயிர்நாடி. இரண்டை மாற்றினால் எது மருந்தாயிற்று என்று அறிய முடியாது.

கழற்றிய பிளக்கின் முனையும் பேசும். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் ஏறுகிறது. பெட்ரோல் நனைந்திருந்தால் பொறியே விழவில்லை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிகுதி அல்லது பெட்ரோல் குறைவு. இவ்வகை எஞ்சினில் பிளக் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டரும், பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜ் கொண்டு அளப்பது நலம்.

கலவையும் அழுத்தமும்

இந்த எஞ்சினின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. ஒன்றாம் இரண்டாம் சிலிண்டர்கள் ஒரே உள்வாயிலையும், மூன்றாம் நான்காம் சிலிண்டர்கள் மற்றோர் உள்வாயிலையும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே மானிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு ஏற்பட்டால் 1-2 அல்லது 3-4 என்று இணையாகவே பாதிப்பு தோன்றும். மெதுவாக ஓடும் எஞ்சினில் மானிஃபோல்டு இணைப்பின்மேல் சிறிது தண்ணீர் தெளித்தால், கசிவுள்ள இடம் அதை உறிஞ்சும். எஞ்சினின் ஒலி ஒரு கணம் மாறும். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோர் உண்டு. அது தீ விபத்தை வீட்டுக்கு அழைப்பதாகும்.

இன்றைய பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். 2023 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட் முதல் வகைக்கு அளந்து துளைக்கப்பட்டது. ஆகவே புதிய எரிபொருளில் கலவை சற்றே காற்று மிகுந்ததாகிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் உப்பச் செய்யும், நீரையும் ஈர்க்கும். பழைய வண்டி வைத்திருப்போர் இவற்றை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்ப்பது நல்லது.

பொறியும் கலவையும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எரியவில்லையெனில் அழுத்தத்தை அளக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பை நீக்கி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் கம்ப்ரெஷன் கேஜில் காண்பதைக் குறிக்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரத் தாழ்ந்தால் அவற்றிடையே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம். இந்த அளவீடு இல்லாமல் ரீபோர் என்ற சொல்லை எவரும் உச்சரிக்கலாகாது என்பது என் கருத்து.

எங்கள் வண்டியில் கண்டது

இனி எங்கள் கதைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். "எப்பப்பா திணறுது?" என்று முதலில் கேட்டேன். "சமமான ரோட்டுல நிதானமா போறப்பதான்டா. மேட்டுல மிதிச்சா ஒழுங்கா ஏறுது. நின்னபடி ஓடினாலும் ஒண்ணுமில்ல" என்றார். இந்த விடையைப் பட்டறையில் எவரும் கேட்டுப் பெறவில்லை. அவர்கள் வண்டியை நிறுத்தி வைத்தே பார்த்தார்கள். நிற்கும்போது அதற்கு நோயே இல்லை!

கேஜ் ஒன்றை இரவல் வாங்கி அழுத்தத்தை அளந்தோம். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. எஞ்சினை இறக்க வேண்டியதில்லை என்பது அப்போதே உறுதியாயிற்று. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம்; நான்கிலும் வேகம் ஒரே சீராகக் குறைந்தது. எனவே குறை பொதுவான இடத்தில் உள்ளது. மேட்டில் நன்றாக இழுப்பதால் தீப்பொறி வலுவற்றது என்றும் சொல்ல முடியவில்லை.

நிதானமான ஓட்டத்தில் மட்டும் திணறுவதற்குக் காற்று மிகுந்த கலவையும் காரணமாகலாம். அதைச் சோதிக்க, ஓடும்போது அப்பா சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தார். கலவைக் குறையாயின் திணறல் தணிந்திருக்கும், தணியவில்லை. அப்படியாயின், நிதானமான ஓட்டத்தில் மட்டும் நிகழ்ந்து, நிற்கும்போதும் மிதிக்கும்போதும் நிகழாதது எது?

விடை வேக்குவம் அட்வான்ஸ் என்னும் உறுப்பு. ஆக்சிலேட்டர் பாதி திறந்திருக்கையில் கார்புரேட்டருக்குக் கீழே காற்றழுத்தம் குறைவு. அந்த உறிஞ்சு விசை ஒரு சிறு குழாய் வழியாக ஒரு டயஃப்ரத்தை இழுக்க, அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் அமர்ந்துள்ள தட்டைச் சிறிது திருப்பிப் பொறியை முன்கூட்டியே விழச் செய்கிறது. முழுதும் மிதித்தால் உறிஞ்சு விசை குறையும். தட்டு பழைய நிலைக்கு வரும். நிற்கும்போதும் எங்கள் வண்டியில் தட்டு ஓய்வு நிலையில்தான் இருக்கும். அப்பா சொன்ன வேளைகளும் தட்டு நகரும் வேளைகளும் அப்படியே ஒத்துப்போயின.

அந்தக் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் ஓட்டினோம். ஒரு திணறல்கூட இல்லை. பிறகு வீட்டு வாசலில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை ரப்பர்க் குழாயால் டயஃப்ரத்துடன் இணைத்து இழுத்தேன். இழுத்தவுடன் எஞ்சின் திணறியது; விட்டவுடன் தெளிந்தது. டயஃப்ரம் கசியவில்லை என்பதும் கையிலேயே தெரிந்தது.

மூடியைக் கழற்றினோம். பாயிண்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் மெல்லிய கம்பி ஒன்று, தட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும்படி அங்கு அமைந்திருக்கிறது. வெளிக்காப்பு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. விரலால் மெல்ல இழுத்தபோது ரப்பர்போல் நீண்டது. உள்ளேயிருந்த இழைகளில் இரண்டு மூன்று தவிர மற்றவை அறுந்திருந்தன. தட்டு திரும்பும்போதெல்லாம் அறுந்த முனைகள் விலகின, மின்னோட்டம் துண்டிக்கப்பட்டது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் ஆடிய ஆட்டத்தின் தேய்மானம் அது. யாருடைய குற்றமும் அன்று.

பல நுண்ணிழைகள் கொண்ட நெகிழ்கம்பி நான்கு அங்குலம் வாங்கி, முனைகளில் பற்றவைத்து, தட்டின் அசைவுக்கு இடம்விட்டுப் பொருத்தினோம். ஒற்றைக் கம்பியோ தடித்த கம்பியோ போட்டால் சில வாரத்தில் மறுபடி ஒடியும். செலவு ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. பாயிண்ட் இடைவெளியையும் அளந்து வைத்தோம். அன்று மாலை நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்த அப்பா, வண்டியை நிறுத்திய பிறகும் சற்று நேரம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

முடிவுரை

பட்டறைக்காரர்கள் எங்களை ஏமாற்றினார்கள் என்று நான் கூற வரவில்லை. அவர்களுக்கு ஒரு நாளில் பத்து வண்டி. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பெரும்பாலான வண்டிகளுக்குப் பிளக் மாற்றினாலே குறை தீர்ந்தும் விடுகிறது. தீராத ஒன்றுக்குத்தான் முறையான ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

புதிய கார்களில் கணினியே மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியில் எந்தக் கணத்தில் வேகம் தளர்கிறது என்பதை அளந்து, எந்தச் சிலிண்டர் என்று குறித்து வைக்கிறது. ஆனால் அதுவும் சிலிண்டரின் எண்ணைச் சொல்லுமேயன்றி, பெரும்பாலும் காரணத்தைச் சொல்லாது. 'எப்போது? எந்தச் சிலிண்டர்? பொறியா, கலவையா, அழுத்தமா?' என்ற கேள்விகளை மனிதன்தான் கேட்டாக வேண்டும்.

நம்முடைய ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்தும்போது, அது தேர்வுக்கான சடங்கு என்றே நான் எண்ணியிருந்தேன். நான்கு அங்குலக் கம்பி ஒன்று அந்த எண்ணத்தைத் திருத்திற்று. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த வண்டி இன்றும் எங்கள் வாசலில் நிற்கிறது. கடந்த ஐப்பசி மழையில் ஓர் இரவு மறுபடி எங்கள் கதவு தட்டப்பட்டது. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.